நல்ல வருஷம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஆபீஸ் மேசை டிராயரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். பழைய கூரியர் ரசீதுகளுக்கு அடியில் ஒரு துணி மாஸ்க் கிடந்தது. நீல நிறம், காதில் மாட்டும் எலாஸ்டிக் இற்றுப்போயிருந்தது. எங்கள் கம்பெனியிலேயே தைத்தது. 2020-ல் வெளிநாட்டு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றபோது திருப்பூரில் பல பனியன் கம்பெனிகள் மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைத்துத்தான் தாக்குப்பிடித்தன. அதைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். பேச்சு அந்த வருஷத்துக்குப் போய்விட்டது. ஒரு தம்பி தன் கல்யாணத்தைச் சொன்னான்: மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போய், வீட்டு வாசலிலேயே ஐம்பது பேருக்குள் முடித்தார்களாம். இன்னொருவருடைய மகள் ஒன்றாம் வகுப்பு அறையையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்குப் போனவள். இன்றைக்கும் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் அவளுக்கு ஒரு தயக்கம் இருக்கிறது என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா கடைசியில்தான் வாய் திறந்தார். அவருடைய அம்மா 2021 மே மாதம் இறந்தவர். படுக்கை கிடைக்கக் காத்திருந்தபோது, ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸுக்குள்ளேயே. "மொகத்தக்கூட நல்லாப் பாக்க உடலைங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, பேச்சை மாற்றத்தான் என்று நினைக்கிறேன், என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல எப்படிங்க இருந்துச்சு? மலை மேல அவ்வளவாத் தெரிஞ்சிருக்காதுங்களே?"

"எங்களுக்கும் கஷ்டந்தாங்கக்கா" என்றேன்.

அன்றிலிருந்து அந்தப் பதில் என்னை விடவில்லை. முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கஷ்டம் இருந்தது, சாவும் இருந்தது, அதற்கு வருகிறேன். ஆனால் கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில், போட்ட தேயிலைக்குக் கணக்கு எழுதும் இலை நோட்டை எடுத்துப் பார்த்தால் 2020 மாதிரி ஒரு வருஷம் அதற்கு முன்னால் இருபது ஆண்டுகளில் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. அம்மாவின் சங்கிலியும் வளையலும் அடகுக் கடையிலிருந்து திரும்பி வந்தது அந்த வருஷம்தான். அடுப்படிக்குத் தகரம் போய்க் கான்கிரீட் வந்தது அந்த வருஷம்தான். அப்பா அதை "நல்ல வருஷம்" என்பார். வீட்டுக்குள் மட்டும், குரலைத் தாழ்த்தி. அவர் ஏன் குரலைத் தாழ்த்துகிறார் என்று எனக்குத் தெரியும். நான் ஏன் அந்த அக்காவிடம் மறைத்தேன் என்பதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.

கடைசி பஸ்

2020 மார்ச் 24. அன்று சாயங்காலம் 6 மணியோடு தமிழ்நாட்டில் 144 வருகிறது, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் கிடையாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். நான் காலையிலேயே திருப்பூரிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் வந்து, கோத்தகிரி பஸ்ஸில் நின்றுகொண்டே ஏறினேன். பஸ் முழுக்க என்னைப் போன்றவர்கள்தான். பனியன் கம்பெனி, நூல் மில், கோவையில் துணிக்கடை, சென்னையிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த கம்ப்யூட்டர் பையன்கள். கீழே பிழைக்கப் போன மலைப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் மேலே ஏறினோம். குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் இறக்கி, நெற்றிக்கு நேரே ஒரு கருவியைக் காட்டிச் சூடு பார்த்தார்கள். அதை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் பேசினார். 21 நாள் என்றார். எனக்குப் பெரிய விடுமுறை கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம்கூட அப்போது இருந்தது.

அப்பாயிக்கு மட்டும் வேறு ஞாபகம் வந்தது. சோதனைச்சாவடியில் நடந்ததைச் சொன்னதும், "மண்டபம் கேம்ப் மாதிரியா?" என்றார். நாங்கள் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான ஆட்களில் நாங்களும் ஒரு வீடு. அப்பாயியின் அம்மா சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறப் போனபோது, மண்டபத்தில் தடுத்து வைத்தார்களாம். காலரா, பிளேக் எதுவும் இலங்கைக்கு வந்துவிடக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய முகாம் அது. மருந்துத் தண்ணீரில் குளிக்க வைத்து, உடுத்தியதைக் கழற்றி வாங்கி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அனுப்புவார்களாம். மூன்று தலைமுறை கழித்துத் திரும்பி வரும்போதும் முதலில் தங்க வைத்த இடம் அதே மண்டபம். "போகயிலயும் அங்கதான் நிப்பாட்டுனான், வாறப்பவும் அங்கதான் நிப்பாட்டுனான்" என்பார் அப்பாயி. தனிமைப்படுத்தல் என்ற சொல்லை டிவியில் கேட்டு நாங்கள் எல்லோரும் திகைத்தபோது, எண்பது வயதைத் தாண்டிய அவருக்கு மட்டும் அது பழைய வீட்டுச் சொல்லாக இருந்தது.

தாத்தா டான்டீயில் வேலை பார்த்தவர். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்காக 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. அப்பா தொண்ணூறுகளில், விலை நன்றாக இருந்தபோது, கோத்தகிரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒன்றரை ஏக்கர் வாங்கினார். கூலிக்காரன் மகன் சொந்தச் செடி வைத்துவிட்டான் என்று தாத்தா ஊரெல்லாம் சொன்னாராம். தொண்ணூறுகளின் இறுதியில் விலை சரிந்தது. அதற்குப் பிறகு இருபது வருஷம் நீலகிரியில் சின்ன விவசாயி ஒவ்வொருவரும் சொன்ன கதையைத்தான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இலை நோட்டு

முதல் சில வாரம் எதுவும் ஓடவில்லை. பேக்டரி மூடியிருந்தது, இலை வண்டி வரவில்லை, குன்னூர் தேயிலை ஏலமும் நின்றது. தேயிலைச் செடிக்கு ஊரடங்கு தெரியாது. கோடை மழை இரண்டு விழுந்ததும் கொழுந்து தள்ளிக்கொண்டு வந்தது. எடுக்காத கொழுந்து முற்றி, தடித்து, இலை வெட்டும் கத்திரிக்கு மடங்காத தண்டாக மாறியது. அப்பா தினமும் காலையில் போய்ச் செடிகளுக்கு நடுவில் சும்மா நின்றுவிட்டு வருவார். ஏப்ரலில் பாதி ஆட்களை வைத்துத் தோட்ட வேலை செய்யலாம் என்று அனுமதி வந்தது. எங்களுக்குப் பாதி ஆள், முழு ஆள் என்ற கணக்கே இல்லை. அப்பா, அம்மா, நான், வேலையில்லாமல் ஊர் திரும்பியிருந்த சித்தப்பா மகன்கள் இருவர். பி.காம். படித்த எனக்கு முதல் வாரத்திலேயே கத்திரிப் பிடியில் கை கொப்பளித்தது.

சின்னச் சின்னதாக எல்லாம் மாறியது. இலையை எடை போட்டு வாங்கும் கொட்டகையில், செட்டில், முன்பெல்லாம் சாக்கை இறக்கிவிட்டு அரைமணி நேரம் கதை பேசுவார்கள். யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன், யார் தோட்டத்தில் காட்டுமாடு, எல்லாம் அங்கேதான். இப்போது சுண்ணாம்பில் வட்டம் போட்டு, வட்டத்துக்குள் சாக்கை வைத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பேக்டரிக்காக இலை வாங்கும் ஏஜென்ட் அண்ணன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தராசு பார்ப்பார். மழை ஈரத்துக்கு எத்தனை கிலோ கழிவு என்று அவரோடு சண்டை போடுவது அப்பாவுக்குத் தினசரி வழக்கம். ஆறடி தள்ளி நின்று, வாயை மூடிக்கொண்டு அந்தச் சண்டையைப் போட முடியவில்லை. அவர் சொன்ன கழிவுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். டீக்கடையில் மே மாதம் பார்சல் மட்டும் என்று திறந்தபோது, பிளாஸ்டிக் பையும் கூடாத மாவட்டம் ஆயிற்றே, ஆளாளுக்குத் தூக்குப் போசியோடு போய் நின்றார்கள். செத்த வீட்டுக்கு இருபது பேர்தான் என்றார்கள். மலைச் சரிவில் அடுத்த லைனில், தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒப்பாரி கேட்கும். நாங்கள் இந்தப் பக்கம் செடிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருப்போம்.

ஜூன் கடைசியில் ஏஜென்ட் அண்ணன் நோட்டில் மாத விலையை எழுதிக் கொடுத்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முந்தின வருஷம் எங்கள் இலை கிலோ 11, 12 ரூபாய்க்குப் போனது. இப்போது 18. அடுத்த மாதம் 22. ஆகஸ்டில் 25-ஐத் தாண்டியது. ராத்திரி அப்பா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "ஒலகமே மூடிக் கெடக்கு. நம்ம இலைக்கு மட்டும் எப்புடி வெல ஏறுது? நீ கணக்குப் படிச்ச புள்ள, சொல்லு." தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன்.

இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் அஸ்ஸாமுடையது. அங்கே குளிர் காலத்தில் செடி உறங்கும், மார்ச்சில் மழை பட்டதும் முதல் கொழுந்து வரும். சரியாக அந்த நேரத்தில் ஊரடங்கு. தோட்டங்கள் மூடியதில் கொழுந்து செடியிலேயே முற்றியது. திறந்த பிறகும் முற்றியதை வெட்டித் தள்ளி, செடி மறுபடி தளிர்க்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்புறம் வெள்ளம். 2019-ல் இந்தியா முழுவதும் 139 கோடி கிலோ தேயிலை உற்பத்தி. 2020-ல் அது சுமார் 126 கோடி கிலோவுக்கு இறங்கியது. கென்யாவில் அந்த வருஷம் நல்ல மழை, நல்ல விளைச்சல். ஆனால் அது நம் சந்தைக்குள் வந்து இந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஜனங்களோ டீ குடிப்பதை நிறுத்தவில்லை. ஆகவே வியாபாரிகள் தெற்கே திரும்பினார்கள், குன்னூர் ஏலத்தில் விலை ஏறியது, ஏல விலையை வைத்து மாதாமாதம் தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி ஏறியது, அது எங்கள் ஏஜென்ட் அண்ணனின் குண்டு குண்டான எழுத்தில் எங்கள் நோட்டுக்கு வந்தது. இதை அப்பாவிடம் படிப்படியாகச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஒரு வைரஸ் எங்கிருந்து எங்கே சுற்றி எங்கள் வீட்டு வாசலுக்குப் பணமாக வருகிறது என்று கண்டுபிடித்த பெருமை.

சித்தப்பா வீட்டில் நேர் எதிர். அவர் ஊட்டியில் டூரிஸ்ட் கார் ஓட்டியவர். ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர்களுக்கு வருஷம் ஓடும். அந்த மே மாதம் மலர்க் கண்காட்சி இல்லை, பூங்கா பூட்டு, மலை ரயில் மார்ச்சில் நின்றது டிசம்பர் 31-ல்தான் மறுபடி ஓடியது. வெளியூர்க்காரர்கள் மலையேற இ-பாஸ் வேண்டும். தவணை கட்ட ஆகஸ்ட் கடைசிவரை தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு முடியவில்லை, அக்டோபரில் காரை விற்றார். அதுவரை எங்கள் செடியில் கத்திரி பிடித்தார். அண்ணன் தோட்டத்தில் தம்பி கூலிக்கு. சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது அப்பா பணத்தைப் பேப்பரில் சுற்றி அப்பாயி கையில் கொடுப்பார், அப்பாயி அதைச் சித்தப்பாவிடம் கொடுப்பார். நேராகக் கைக்குக் கை ஒருநாளும் மாறவில்லை. ஊட்டி ரோடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, காட்டுமாடு நடுரோட்டில் படுத்திருக்கிறது, இயற்கை தன் இடத்தை மீட்டுக்கொண்டது என்று அப்போது எல்லோரும் படம் போட்டார்கள். நானும் இரண்டு படம் போட்டேன். சித்தப்பா அதற்கு லைக் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து நானே எடுத்துவிட்டேன்.

வெட்டிப் போட்டாங்க

செப்டம்பரில் இலை எங்களால் எடுக்க முடியாத அளவுக்கு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஜார்கண்டிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி லைன் வீட்டில் தங்கி வேலை பார்த்தார்கள். நீலகிரித் தோட்டங்களில் இப்போது பல இடத்தில் அவர்களைப் போல வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள்தான் இலை எடுக்கிறார்கள், நம் பிள்ளைகள் திருப்பூரில். மே, ஜூனில் நிறையப் பேர் ரயில் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். இந்த இருவரும் போகவில்லை. அந்த அக்காவை அரை நாள் கணக்கில் எங்கள் செடிக்கும் வரச் சொன்னோம். என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார், இருந்தாலும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. நான்கு வருஷத்தில் கற்றுக்கொண்ட தமிழ், பாதி படுகர்களின் படுகு மொழி கலந்தது.

அன்றைக்குக் காலையில் தூறல். அப்பா செட்டுக்குப் போய்விட்டு வந்து, வரப்பிலிருந்தே "இருபத்தெட்டு!" என்று கத்தினார். இருபத்தெட்டு ரூபாய் எங்கள் இலைக்கு அதற்கு முன்பு கிடைத்ததே இல்லை. அம்மா சிரித்தார், நான் கத்திரியைத் தூக்கி ஆட்டினேன். அந்த அக்கா ஒன்றும் புரியாமல் பார்த்தார். ஏன் இவ்வளவு விலை என்று கேட்டார். அப்பா நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அப்படியே சொன்னார்: "அஸ்ஸாம்ல இலை இல்லம்மா. அதான் நமக்கு வெல."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட் பையில் இலையை அமுக்கிவிட்டு, "எங்க அக்கா அங்க" என்றார். "அஸ்ஸாம். தோட்டம்." அவருடைய அக்காவை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அஸ்ஸாம் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பிருந்து ஜார்கண்ட், ஒடிசா பக்கமிருந்து வெள்ளைக்காரன் கொண்டுபோன ஜனங்கள். எங்கள் முன்னோர் மண்டபம் வழியாக இலங்கை போனதும் அதே வெள்ளைக்காரன் காலம், அதே வேலை. இதெல்லாம் நான் பிறகு யோசித்தது. அப்போது அவர் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். தோட்டம் மூடியது, வேலை இல்லை, கூலி இல்லை. ரேஷன் அரிசி கொஞ்சம் வந்தது. போனில் பேசும்போது அக்கா அழுவார். அப்புறம் ரீசார்ஜ் போட முடியாமல் பேச்சும் நின்றது.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இலை? அந்த இலைய என்னா பண்ணாங்க?"

அவர் குனிந்து, அரிவாளால் வீசுவது மாதிரி கையை வீசிக் காட்டினார். "வெட்டிப் போட்டாங்க. கீழ."

"மொதக் கொழுந்தயா?"

"ஆமா. பூரா."

அப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். என்னால் அந்த முகத்தை விவரிக்க முடியவில்லை. தேயிலையோடு பிறந்து வளர்ந்த ஆளுக்குக் கொழுந்தை மண்ணில் வெட்டித் தள்ளுவது என்றால் என்ன என்று அதற்குமுன் எனக்குத் தெரியாது. நான் அவருக்குச் சொன்ன கணக்கிலும் அந்த இலை இருந்தது. 13 கோடி கிலோ குறைவு என்று சொன்னேனே, அதுதான் இது. ஆனால் அது என் வாயில் ஒரு எண்ணாக இருந்தது. எண் குறைந்தது, விலை கூடியது. மூடிய லைனில் அரிசி மட்டும் வாங்கிக்கொண்டு, தான் எடுத்திருக்க வேண்டிய கொழுந்து தரையில் கருகுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

அன்று ராத்திரி அப்பா இலங்கையைப் பற்றிப் பேசினார். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் மலை, அருவி, படம் பார்க்கப் போனது, இப்படித்தான் இருக்கும். அன்றைக்கு 1974-ஐச் சொன்னார். தோட்டங்களில் பஞ்சம் வந்த வருஷம். அப்பாவுக்கு ஒன்பது வயது. மாவும் இல்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக் கிழங்கும் ஏதோ கீரையும். லயத்தில், லைன் வீட்டுக்கு அங்கே அதுதான் பேர், வரிசையாகக் கிழவர்கள் செத்தார்கள். "அன்னிக்கு இங்கிட்டு ஊட்டியில யாரோ நல்ல வெலைன்னு சந்தோசப்பட்டிருப்பான்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துக் கேட்டார்.

இதற்குமேல் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்பா மறுநாள் அந்த அக்காவுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுக்கவில்லை. ஊரில் எல்லோரும் கொடுத்த கூலிதான். நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. இருபத்தெட்டு ரூபாய்க்கு இலை போட்டோம். பணத்தை வாங்கினோம். நகையைத் திருப்பினோம்.

எழுதாத வருஷம்

நவம்பரில் அடுப்படிக்குக் கான்கிரீட் கூரை போட்டோம். முன்பக்கச் சுவரை உயர்த்தி, அதில் கைப்பிடி அகலத்துக்கு ஒரு சதுரம் இழைத்து விட்டிருந்தார் கொத்தனார். எல்லா வீட்டிலும் செய்வதுதான், சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே வருஷத்தை எழுதிவிடுவார்கள். கையில் ஆணியோடு நின்று, "வருஷம் போட்டுரலாமாண்ணே?" என்றார். அப்பா மேலே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "வேணாம்ப்பா, விடு" என்றார். அம்மாவுக்கு வருத்தம். முப்பது வருஷம் கழித்துக் கட்டிய கட்டடம், எந்த வருஷம் என்று தெரிய வேண்டாமா என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்தச் சதுரம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. மலை ஈரத்தில் இப்போது அதில் பாசி பிடித்திருக்கிறது.

2021-ல் நான் திருப்பூரில் இருந்தேன். இரண்டாம் அலை மலையையும் விடவில்லை. ஏஜென்ட் அண்ணனுக்கு மே மாதம் காய்ச்சல் வந்தது. அப்போது ஊட்டியில் மருத்துவக் கல்லூரி கிடையாது, அது 2022-ல்தான் வந்தது. மூச்சுத் திணறினால் கீழே கோவைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனார்கள். பத்தாம் நாள் சேதி வந்தது. ஊருக்குக் கொண்டுவரவில்லை. இருபத்தைந்து வருஷம் ஊர் இலையை எடை போட்ட மனிதர், அவரைத் தூக்க நாலு பேர் போக முடியவில்லை. அப்பா நோட்டை எனக்குப் படமெடுத்து அனுப்பினார். மே 8 வரை அந்தக் குண்டு எழுத்து. அடுத்த வரி ஜூன் 2, வேறு யாருடைய ஒல்லி எழுத்து. நடுவில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். 2020, 2021 இரண்டு வருஷத்திலும் உலகம் முழுக்க வழக்கத்தைவிடக் கூடுதலாக 1.49 கோடிப் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பிறகு கணக்குச் சொன்னது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு முன்னால் வந்தது அந்த ஒரு வரி இடைவெளிதான். ஒரே நோட்டு. எங்கள் வாழ்நாளின் பெரிய விலையும் அதில்தான், அந்த விலையை எழுதிய கை நின்றுபோனதும் அதில்தான்.

அந்த வருஷம் முடிவதற்குள் அஸ்ஸாம் மீண்டது, விலை இறங்கியது. அங்கே உள்ளவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதற்கு எங்களுக்கு வந்த கடிதம் மாதிரி இருந்தது அந்த இறக்கம். மறுபடி 15 ரூபாய், 14 ரூபாய். 2023 செப்டம்பரில் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டுக் கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்பாவும் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அந்தக் கோரிக்கையில் நான் முழுசாக அவர்கள் பக்கம். ஒரு கிலோ இலைக்கு ஆகும் செலவாவது விலையாகக் கிடைக்க வேண்டும், இன்னொரு மாநிலத்தில் தோட்டம் மூடும்வரை அதற்காகக் காத்திருக்கும்படி எந்த விவசாயியையும் வைக்கக் கூடாது. எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல விலை அப்படிக் கிடைத்தது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மாஸ்க் கிடைத்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இரண்டு வாரம் ஆபீஸில் அந்த அக்காவின் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் மாடிப் படியில் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "அக்கா, அன்னைக்கு நான் சொன்னது சரியில்ல" என்று ஆரம்பித்தேன். அடகு நகையிலிருந்து இருபத்தெட்டு ரூபாய் வரைக்கும், வெட்டிப் போட்ட கொழுந்திலிருந்து ஏஜென்ட் அண்ணன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டில் அதை நல்ல வருஷம் என்றுதான் சொல்கிறோம் என்பதையும் சொன்னேன். அவர் அம்மாவின் பேரை எடுக்காமல் இருக்க முயன்றேன்; எடுக்காமல் முடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அல்லது, அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க என்று ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"அந்த ஜார்கண்ட் பொண்ணோட அக்கா இப்ப எப்படிங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷமாக அதை நான் கேட்கவே இல்லை. அவர்கள் இன்னும் பக்கத்துத் தோட்டத்து லைனில்தான் இருக்கிறார்களா என்பதுகூட நிச்சயமில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். பையனை அங்கன்வாடியில் சேர்த்திருக்கிறார்கள், இருக்கிறார்கள், ஆனால் அதைப் பற்றித் தானும் பிறகு பேசவில்லை என்றார். இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். திங்கட்கிழமை வந்து சொல்வதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.